நம் வீட்டில் எத்தனை போன் ஓடுகிறது என்று கஸ்டமர் கேருக்கு எப்படித் தெரிகிறது?

நீங்கள் எழுதியதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். ஃபைபர் இணைப்பு சாயங்காலமானால் மந்தமாகிறது என்று கஸ்டமர் கேரை அழைத்திருக்கிறீர்கள். பேசியவர், "சார், உங்க வைஃபைல இப்ப 11 டிவைஸ் கனெக்ட் ஆகியிருக்கு, அதுல டிவிக்கு மட்டும் சிக்னல் ரொம்ப கம்மி" என்று சொல்லி, அங்கிருந்தபடியே வைஃபை சேனலை மாற்றிவிட்டார். நெட் சரியாகிவிட்டது, ஆனால் மனசு சரியாகவில்லை. "டிவி எங்கே இருக்கிறது என்பது வரை தெரிகிறதென்றால், நான் என்ன பார்க்கிறேன் என்பதும் தெரியுமா? இதை நிறுத்த முடியுமா?" என்று கேட்கிறீர்கள். இதற்குள் இரண்டு தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. ரவுட்டர் வழியாக அவர்களுக்கு என்ன தெரிகிறது என்பது ஒன்று. ரவுட்டரைத் தொடாமலேயே, அவர்கள் கம்பியில் ஓடுவதை வைத்து என்ன தெரியும் என்பது இன்னொன்று. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் சிலர் வீணாகப் பயப்படுகிறார்கள், சிலர் கவலைப்பட வேண்டியதையும் விட்டுவிடுகிறார்கள்.

இணைய நிறுவனம் ஒன்றில், வாடிக்கையாளர் வீட்டு ரவுட்டர்களைத் தூரத்திலிருந்து நிர்வகிக்கும் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் பிரிவில் பல வருடம் வேலை செய்தவன் நான். அதனால் அந்தப் பக்கத் திரையில் என்ன தெரியும் என்பதைப் பார்த்தே சொல்ல முடியும்.

அந்த ஏற்பாட்டுக்கு டிஆர்-069 என்று பெயர். 2004-ல் டிஎஸ்எல் ஃபோரம் (இப்போது பிராட்பேண்ட் ஃபோரம்) வெளியிட்ட தரநிலை அது. உலகம் முழுக்க இணைய நிறுவனங்கள் கொடுக்கும் ரவுட்டர்களில் பெரும்பாலானவற்றில் இது இருக்கிறது. நிறுவனத்தின் மையத்தில் ஏசிஎஸ் என்கிற சர்வர் ஓடும். அதன் முகவரி உங்கள் ரவுட்டருக்குள் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். கரண்ட் வந்து ரவுட்டர் எழுந்ததும், பிறகு குறிப்பிட்ட இடைவெளியில், அது தானாகவே ஏசிஎஸ்ஸைக் கூப்பிட்டு "நான் இன்ன மாடல், இன்ன சீரியல் நம்பர், இன்ன ஃபர்ம்வேர் (உள்ளே ஓடும் மென்பொருள்)" என்று வருகையைப் பதிவு செய்யும். இடையில் அவசரம் என்றால் ஏசிஎஸ் ஒரு தட்டு தட்டும், வழக்கமாக 7547 என்ற போர்ட்டில் (எண் போட்ட கதவு மாதிரி). உடனே ரவுட்டர் திரும்பக் கூப்பிடும். நீங்கள் போனில் பேசிக்கொண்டிருந்தபோதே சேனல் மாறியது இப்படித்தான். டிஆர்-369 என்று ஒரு புதுத் தலைமுறையும் 2018-ல் வந்துவிட்டது. வேலை அதேதான், வேகமும் ஆழமும் அதிகம்.

சரி, திரையில் என்ன தெரியும்? உங்கள் கணக்கு எண்ணைப் போட்டால் முதலில் ரவுட்டரின் உடல்நிலை வரும். எவ்வளவு நேரமாக அணையாமல் ஓடுகிறது, கடைசியாக எப்போது ஏசிஎஸ்ஸைக் கூப்பிட்டது, ஃபைபரில் வந்து சேரும் ஒளியின் அளவு எவ்வளவு. ஒளி அளவு மைனஸ் 21, 22 டிபிஎம் என்றால் நிம்மதி. மைனஸ் 27-ஐத் தாண்டினால் வயர் எங்கோ மடங்கியிருக்கிறது என்று லைன்மேனை அனுப்புவோம். அதற்குக் கீழே, இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியல் வரும். ஒவ்வொரு வரியிலும் கருவியின் பெயர், உள்முகவரி, மேக் அட்ரஸ் (கருவிக்கே உரிய அடையாள எண்), வைஃபையா கேபிளா, வைஃபை என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸா 5 கிகாஹெர்ட்ஸா, சிக்னல் எவ்வளவு என்று இருக்கும். டிவிக்கு நேரே மைனஸ் 82 என்று இருந்தால் அது ரவுட்டரிலிருந்து இரண்டு சுவருக்கு அப்பால் இருக்கிறது என்று யாரும் சொல்லிவிடலாம். உங்களிடம் பேசியவர் செய்ததும் அதுதான். பக்கத்து வீட்டு வைஃபைகளின் பெயரையும் அவை ஓடும் சேனலையும் ரவுட்டரைக் கொண்டே ஸ்கேன் செய்து பார்க்கவும் தரநிலையில் வசதி உண்டு. 1, 6, 11 இவற்றில் எது காலியாக இருக்கிறது என்று பார்த்து மாற்றுவதற்குத்தான் அது.

அந்தக் கருவிப் பட்டியலை அற்பமாக நினைக்காதீர்கள் என்று சொல்வேன். போன் தன் பெயரைத் தானே ரவுட்டரிடம் சொல்லும். வீட்டுக்காரரின் பெயர், பிள்ளையின் பெயர், ஆபீஸ் லேப்டாப்பின் எண் எல்லாம் அப்படியே வந்து நிற்கும். சமீப வருடங்களில், ஆண்ட்ராய்டு 10-லிருந்தும் ஐஓஎஸ் 14-லிருந்தும், போன்கள் உண்மையான மேக் அட்ரஸை மறைத்து ஒரு போலியைக் காட்டுகின்றன. அதனால் மேக்கை வைத்து எந்தக் கம்பெனி போன் என்று சொல்வது முன்பு போல எளிதல்ல. ஆனால் பல கருவிகளின் பெயர் இன்னும் காட்டிக்கொடுக்கிறது. எந்தக் கருவி எத்தனை மணிக்கு இணைந்தது, எப்போது போனது என்பதைத் தொடர்ந்து சேர்த்து வைத்தால், வீட்டில் யார் எப்போது இருக்கிறார்கள் என்பதையே ஊகித்துவிடலாம். இதைச் சேர்த்து வைக்கும்படி டிஆர்-069 கட்டாயப்படுத்துவதில்லை. சேர்க்க நினைத்தால் தடுப்பதும் இல்லை.

பார்ப்பது மட்டுமல்ல, செய்யவும் முடியும். ரீபூட் செய்யலாம், ஃபேக்டரி ரீசெட் அடிக்கலாம், ஃபர்ம்வேரை மாற்றலாம், வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் புதிதாக வைக்கலாம், டிஎன்எஸ் சர்வரை (தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண் முகவரியைத் தருவது) மாற்றலாம், உள்ளே ஒரு கருவிக்கு வெளியிலிருந்து போர்ட் திறந்துவிடலாம். வைஃபை பாஸ்வேர்டு பற்றி மட்டும் ஒரு நல்ல விதி இருக்கிறது. தரநிலையின்படி ஏசிஎஸ் அதைக் கேட்டால் ரவுட்டர் காலியான பதிலைத்தான் தர வேண்டும். அதாவது மாற்றலாம், படிக்கக் கூடாது. ஆனால் எல்லா ரவுட்டரும் அந்த விதிக்குக் கட்டுப்படும் என்று நம்பிவிட முடியாது. உங்கள் நிறுவனத்தின் ஆப்பை ஒரு புதுப் போனில் இறக்கி, வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். பழைய பாஸ்வேர்டை அப்படியே காட்டினால், அது நிறுவனத்துக்குப் படிக்கக் கிடைக்கிறது என்றே வைத்துக்கொள்ளலாம்.

இப்போது உங்களை உறுத்தும் கேள்விக்கு வருவோம். நீங்கள் என்ன பார்க்கிறீர்கள் என்பது அந்தக் கஸ்டமர் கேர் திரையில் தெரியாது. நான் பார்த்த எந்தத் திரையிலும் அப்படி ஒரு பகுதி இருந்ததில்லை. வங்கித் தளம், வாட்ஸ்அப், ஜிமெயில், யூடியூப் எல்லாமே உங்கள் போனிலேயே பூட்டப்பட்டு, அந்தப் பக்கம் போய்த்தான் திறக்கின்றன. ரவுட்டரை முழுவதுமாகக் கையில் வைத்திருப்பவருக்கும் உள்ளே இருப்பதைப் படிக்க வழியில்லை. ஒட்டிய கவரின் மேலே உள்ள முகவரி மட்டும்தான் தபால்காரருக்குத் தெரிவது போல, எந்தத் தளத்தோடு பேசுகிறீர்கள், எப்போது, எவ்வளவு டேட்டா என்பது மட்டும் தெரியும். ஆனால் அதை அறிய அவர்களுக்கு ரவுட்டரே தேவையில்லை. உங்கள் டிராஃபிக் முழுவதும் அவர்கள் நெட்வொர்க் வழியாகத்தானே போகிறது. தளத்தின் பெயரைக் கேட்கும் டிஎன்எஸ் கேள்வி வழக்கமாகப் பூட்டில்லாமல் போகும். இணைப்பு தொடங்கும்போது தளத்தின் பெயரும் பெரும்பாலும் வெளிப்படையாகவே போகும். அதையும் மறைக்கும் இசிஹெச் என்ற முறை சில பிரவுசர்களிலும் தளங்களிலும் வந்திருக்கிறது, எல்லா இடத்திலும் இல்லை.

நம் நாட்டில் இதில் சட்டமே தலையிடுகிறது. தொலைத்தொடர்புத் துறையின் உரிம நிபந்தனைப்படி, எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு எப்போது இணைப்பு போனது என்ற பதிவை நிறுவனங்கள் வைத்திருந்தாக வேண்டும். முன்பு ஒரு வருடமாக இருந்த காலம் 2021 டிசம்பரில் இரண்டு வருடம் ஆனது. நீங்கள் ரவுட்டரை மாற்றினாலும், டிஆர்-069-ஐ அணைத்தாலும் இந்தப் பதிவு இருந்துகொண்டுதான் இருக்கும்.

இதுவரை சொன்னது உறுதியானது. இனி சொல்வது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவது. ஒழுங்காக நடத்தும் இடத்தில் கஸ்டமர் கேர் ஊழியருக்கு நாலைந்து பொத்தான்கள்தான் இருக்கும். யார் எந்த வாடிக்கையாளரின் பக்கத்தைத் திறந்தார் என்பதும் பதிவாகும். எல்லோருக்கும் எல்லாம் திறந்திருக்கும் இடங்களும் உண்டு. கருவிப் பட்டியலை அந்த நொடிக்கு மட்டும் எடுத்துக் காட்டுகிறார்களா, தினமும் எடுத்துச் சேமிக்கிறார்களா, வைஃபையை மேம்படுத்தித் தரும் வேறு கம்பெனிக்கு அனுப்புகிறார்களா என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்லவே முடியாது. புதிய தரநிலையில் பாக்கெட் கேப்சர் (ஓடும் டேட்டாவை அப்படியே பிடித்து வைப்பது) என்று ஒரு சோதனை வசதிகூட இருக்கிறது. பழுது கண்டுபிடிக்க வைத்தது அது. உங்கள் ரவுட்டரில் அது இருக்கிறதா, இருந்தால் யார் கையில் என்பது நிறுவனத்தைப் பொறுத்தது. நான் வேலை பார்த்த இடத்தில் அது பயன்பாட்டில் இருந்ததில்லை.

அமெரிக்காவில் காம்காஸ்ட் நிறுவனம் 2025-ல் வைஃபை அலையில் ஏற்படும் அசைவை வைத்து வீட்டில் ஆள் நடமாட்டத்தைக் கண்டுபிடிக்கும் வசதியைத் தன் ரவுட்டர்களில் கொண்டுவந்தது. வாடிக்கையாளரே இயக்கினால்தான் வேலை செய்யும் என்றாலும், விசாரணை, வழக்கு போன்ற நேரங்களில் அந்தத் தகவல் வெளியே போகலாம் என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். ரவுட்டர் யார் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்ற கேள்வி வருகிற வருடங்களில் இன்னும் பெரிதாகும் என்று நான் நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் ஊழியர் எட்டிப் பார்ப்பதைவிட என்னை அதிகம் கவலைப்பட வைப்பது, அந்த நிர்வாக வாசல் வேறு யாருக்காவது திறந்து கிடப்பதுதான். 2014 டிசம்பரில் செக் பாயிண்ட் நிறுவனம் ஒரு ஓட்டையை வெளியிட்டது. ரவுட்டர்களில் ஓடும் ராம்பேஜர் என்ற சின்ன வெப் சர்வரில் இருந்த பிழை அது. குறைந்தது 1.2 கோடி கருவிகள் பாதிப்புக்குள்ளாகும் நிலையில் இருந்தன. அந்தப் பிழை 2005-லேயே திருத்தப்பட்டிருந்தது, ரவுட்டர் செய்பவர்கள் பழைய பதிப்பையே போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். 2016 நவம்பர் கடைசியில் ஜெர்மனியில் டாய்ச்சே டெலிகாம் வாடிக்கையாளர்கள் ஏறக்குறைய 9 லட்சம் பேருக்கு இணையம் போனது. மிராய் வகை மால்வேர் இணையம் முழுக்க 7547 போர்ட்டைத் தட்டிக்கொண்டே போனது. அந்த ரவுட்டர்கள் மால்வேருக்கு அடிமையாகவில்லை, தட்டல் தாங்காமல் முடங்கிப் போயின. அடுத்த வருடம் ஜூலையில் இங்கே பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் மோடம்கள் ஆயிரக்கணக்கில் செத்துப்போனது பலருக்கு நினைவிருக்கும். மாற்றாமல் விட்ட 'அட்மின்' பாஸ்வேர்டு அங்கே பெரிய வழியாக இருந்தது.

தமிழ்நாட்டில் இதோடு இன்னொரு பழக்கமும் சேர்கிறது. நிறைய வீடுகளுக்கு ஃபைபர் வருவது உள்ளூர் கேபிள் ஆபரேட்டர் மூலமாகத்தான். மாட்ட வரும் தம்பி, அவசரத்தில் வீட்டுக்காரரின் மொபைல் நம்பரையே வைஃபை பாஸ்வேர்டாக வைத்துவிட்டுப் போவார். ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டு தெருவில் உள்ள எல்லா வீட்டுக்கும் ஒன்றாகவே இருக்கும். அவர்மீது குற்றம் சொல்லவில்லை. ஒரு நாளில் பத்து வீடு முடிக்கச் சொன்னால் யாரும் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் மையத்தில் ஏசிஎஸ் எவ்வளவு பாதுகாப்பாக இருந்தாலும், உங்கள் மொபைல் நம்பர் தெரிந்த யாரும் உங்கள் வீட்டு நெட்வொர்க்குக்குள் வரலாம் என்றால் என்ன பயன்? இன்று ஒரே ஒரு காரியம்தான் செய்ய நேரமிருக்கிறது என்றால், அந்த இரண்டு பாஸ்வேர்டையும் மாற்றுங்கள்.

அப்புறம், நிறுத்த முடியுமா என்று கேட்டீர்கள். பிரவுசரில் 192.168.1.1 (சில மாடல்களில் வேறு எண், ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும்) போட்டு உள்ளே போய் வேன் (WAN, வெளி இணைப்பு) பகுதியைப் பாருங்கள். சில ரவுட்டர்களில் இணைப்பின் பெயரிலேயே 'டிஆர்069' என்று இருக்கும், இணையத்துக்கு ஒன்று, போனுக்கு ஒன்று, நிர்வாகத்துக்கு ஒன்று என்று தனித்தனியாக. அதை அணைக்கும் பொத்தான் பெரும்பாலும் உங்கள் லாகினுக்குத் தெரியாது. இணையத்தில் தேடி சூப்பர் அட்மின் பாஸ்வேர்டு கண்டுபிடித்து அணைப்பவர்கள் இருக்கிறார்கள். நான் அதைச் சிபாரிசு செய்யவில்லை. ஓட்டைகளை அடைக்கும் ஃபர்ம்வேர் வருவதும் அதே வாசல் வழியாகத்தான். அதை மூடிவிட்டுப் பழைய ஃபர்ம்வேரோடு உட்கார்ந்திருப்பது கண்காணிப்பைவிடப் பெரிய ஆபத்து. தவிர, ஃபைபரில் ஓஎம்சிஐ என்று இன்னொரு நிர்வாகப் பாதை ஒளிக்கம்பிக்குள்ளேயே தனியாக ஓடுகிறது. அதை உங்களால் அணைக்க முடியாது, அணைத்தால் இணைப்பே எழாது. எனவே நிறுவனம் கொடுத்த பெட்டி நிறுவனத்தின் பெட்டிதான். அதை உங்களுடையதாக்கப் போராடுவதைவிட, அதோடு அவர்கள் எல்லை முடியும்படி செய்வது நல்லது.

அதற்கு வழி எளிது. சொந்தமாக ஒரு ரவுட்டர் வாங்கி, நிறுவனப் பெட்டியின் லேன் போர்ட்டில் கேபிள் போட்டு இணையுங்கள். பழைய பெட்டியின் வைஃபையை அணைத்துவிட்டு, வீட்டின் எல்லாக் கருவிகளையும் புது ரவுட்டருக்கு மாற்றுங்கள். இனி ஏசிஎஸ் திரையில் 11 வரிக்குப் பதில் ஒரே ஒரு வரிதான் வரும், அது உங்கள் ரவுட்டர். நிறுவனம் சம்மதித்தால் அவர்கள் பெட்டியை பிரிட்ஜ் மோடில் (ரவுட்டர் வேலையை விட்டுவிட்டு இணைப்பை அப்படியே கடத்தும் நிலை) போடச் சொல்லலாம், அது இன்னும் சுத்தம். ஆனால் சில நிறுவனங்கள் மறுக்கும், லேண்ட்லைன் போனோ டிவி பாக்ஸோ அதே பெட்டியில் ஓடினால் சிக்கலும் வரும். பிரிட்ஜ் இல்லாமல் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் இரட்டை நேட் (பல கருவிகளை ஒரே முகவரிக்குப் பின்னால் வைக்கும் மாற்றம் இரண்டு முறை நடப்பது) ஆகும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். இங்கே பல ஃபைபர் இணைப்புகள் ஏற்கெனவே நிறுவனப் பக்கத்தில் ஒரு நேட்டுக்குப் பின்னால்தான் இருக்கின்றன. ஆன்லைன் கேம் தீவிரமாக ஆடுபவர் அல்லது வெளியிலிருந்து நேரடியாக கேமராவுக்கு இணைபவர் தவிர மற்றவர்களுக்குப் பெரும்பாலும் வித்தியாசமே தெரியாது.

இதற்கும் வரம்பு உண்டு. ஐபிவி6 (புதிய தலைமுறை இணைய முகவரி முறை) ஓடும் இணைப்பில் ஒவ்வொரு கருவிக்கும் தனி முகவரி கிடைப்பதால், எத்தனை கருவி என்பது நெட்வொர்க் பக்கத்திலிருந்து ஓரளவு கணிக்கக்கூடியதுதான். நீங்கள் வாங்கும் ரவுட்டர் ஆப் வழியாக மட்டும் இயங்கும் வகை என்றால், இதுவரை இணைய நிறுவனம் பார்த்ததை இனி ரவுட்டர் கம்பெனி பார்க்கும். பெட்டிக்குள்ளேயே நிர்வாகப் பக்கம் இருக்கும் மாடலாகப் பாருங்கள். டிஎன்எஸ்ஸை மறைக்க ரவுட்டரில் 8.8.8.8 (கூகுளின் டிஎன்எஸ்) என்று மாற்றினால் மட்டும் போதாது, கேள்வி அப்போதும் பூட்டில்லாமல்தான் போகும். ஆண்ட்ராய்டு 9 முதல் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்று ஒரு செட்டிங் இருக்கிறது, அதைப் போட்டால் பூட்டிப் போகும். விபிஎன் (டிராஃபிக்கைப் பூட்டி வேறொரு கம்பெனியின் சர்வர் வழியாக அனுப்பும் சேவை) போடலாமா என்றால், நிறுவனத்துக்குத் தெரிவது விபிஎன்காரருக்குத் தெரியும், அவ்வளவுதான். அவரை அதிகம் நம்ப உங்களுக்குக் காரணம் இருந்தால் போடுங்கள்.

நிறுவனத்திடமே கேட்பதையும் விட்டுவிடாதீர்கள். ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் முதல் வாடிக்கையாளர் தனக்குப் பிடித்த ரவுட்டரைப் போட்டுக்கொள்ளச் சட்டமே உரிமை தருகிறது. இங்கே அப்படி ஒரு தெளிவான உரிமை வந்தால் என்னைப் போன்றவர்கள் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்காது. ஆனால் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்து, விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுவிட்டன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வருகின்றன. தன்னைப் பற்றி என்ன தகவல் வைத்திருக்கிறார்கள் என்று கேட்கும் உரிமை அதில் இருக்கிறது. இப்போதே மின்னஞ்சலில் நேராகக் கேளுங்கள்: என் ரவுட்டரில் இணையும் கருவிகளின் பட்டியலைச் சேமிக்கிறீர்களா, எத்தனை நாளைக்கு, வேறு யாருக்குக் கொடுக்கிறீர்கள், என் பெட்டியை பிரிட்ஜ் மோடில் போட்டுத் தருவீர்களா. இப்படிக் குறிப்பாகக் கேட்கும் மின்னஞ்சல்கள் உள்ளே எங்கள் மேசை வரை வந்ததை நான் பார்த்திருக்கிறேன். பொதுவாகத் திட்டி எழுதியவை வந்ததில்லை.

உங்கள் பெட்டியில் பிரிட்ஜ் மோட் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் மாடல் பெயரை மட்டும் எழுதுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். அடியில் உள்ள ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துப் போட வேண்டாம். சீரியல் நம்பர், மேக் அட்ரஸ், பழைய வைஃபை பாஸ்வேர்டு மூன்றும் அதில்தான் இருக்கும்.